கடலே இல்லாத அரியலூரில் ஒரு கடல் காடு: கெல்ப் காடுகள் அழிவதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

கலிபோர்னியா கடலில் பாசிக் காடுகள் அழிகின்றன, டாஸ்மேனியாவில் அழிந்தேவிட்டன என்ற செய்திகள் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. எங்கோ வளரும் பாசிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நாமும் கடந்து போய்விடுகிறோம். ஆனால் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் சிமென்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பகுதி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வளர்ந்த பாசியால் ஆனது. அதே வகைப் பாசிகளின் உறவுகள் இன்றும் ராமேஸ்வரம் கடலில் வளர்கின்றன. கடல் காடு என்றால் என்ன, அது எப்படி அழிகிறது, தமிழ்நாடு இதில் கவனிக்க வேண்டியது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

அரியலூரில் கடல் இருந்ததா?

இருந்தது. அதுவும் ஒருமுறை வந்து போன கடல் இல்லை. இந்திய நிலப்பகுதி அன்டார்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவற்றிடம் இருந்து பிரிந்து நகர்ந்தபோது, காவிரிப் படுகைக்குள் கடல் புகுந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, இன்றைய திருச்சி, பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் கடல் முன்னேறியது, பின்வாங்கியது, மறுபடி முன்னேறியது. ஒவ்வொரு முறையும் ஒரு அடுக்கு மண்ணையும், அதற்குள் தன் உயிரினங்களையும் விட்டுச் சென்றது.

பெரம்பலூர் மாவட்டம் காரை, கொளக்காநத்தம் பக்கம் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மழை அரித்து, மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் செம்மண், களிமண் மேடுகள். அங்கே சுருள் வடிவ அம்மோனைட் ஓடுகளும், துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட்களும் கிடைக்கின்றன. இரண்டுமே இன்றைய கணவாயின் தூரத்து உறவுகள். இந்த மேடுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களின் பட்டியலில் வைத்துள்ளது.

அதே மாவட்டத்தின் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகள் பழமையானதாகக் கணக்கிடப்படும் இந்த மரத்தை, 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். கரையோரம் நின்ற மரம் தண்ணீரில் அடித்துவரப்பட்டு, கடல் வண்டலில் புதைந்து கல்லானது.

இந்தப் பகுதியின் கல் உலகத்துக்குப் புதிதல்ல. 1840-களிலேயே இங்கிருந்து சேகரித்த ஓடுகள் லண்டனுக்குப் போயின. 1860-களில் பிளான்போர்ட் என்பவர் இந்தப் பாறைகளை வரைபடமாக்கினார். ஸ்டோலிக்ஸ்கா என்பவர் ஓடுகளை ஒவ்வொன்றாக விவரித்துத் தொகுதி தொகுதியாக எழுதினார். ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி, கல்லமேடு, நின்னியூர் என்று நம் கிராமங்களின் பெயர்கள் இன்றும் உலகப் புவியியல் கட்டுரைகளில் பாறை அடுக்குகளின் பெயராக நிற்கின்றன. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்காக நமக்குத் தெரிந்த கல்லங்குறிச்சி, புவியியலாளர்களுக்கு சுமார் 7 கோடி ஆண்டுகள் பழைய சிப்பிப் படுகை.

சரி, இதில் பாசி எங்கே வந்தது?

கல்லக்குடி என்றதும் பலருக்கும் 1953 பெயர் மாற்றப் போராட்டம் நினைவுக்கு வரும். டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்து நடந்த போராட்டம் அது. அரியலூரை ஒட்டி, திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். அங்கே சிமென்ட் ஆலை வரக் காரணமே சுண்ணாம்புக்கல்தான். அந்தக் கல்லின் ஒரு அடுக்குக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர், 'பவள-பாசி சுண்ணாம்புக்கல்'. பவளமும், உடம்புக்குள் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொள்ளும் செம்பாசிகளும் சேர்ந்து கட்டிய திட்டு அது.

அரியலூர் மாவட்டம் நின்னியூரில் கதை இன்னும் சுவாரஸ்யம். டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டி, அதற்குப் பிறகு இங்கே இருந்த ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் சுண்ணாம்புப் பச்சைப்பாசிகள் வளர்ந்தன. பெங்களூரு புவியியல் பேராசிரியர் எல். ராமராவ், வியன்னாவின் பாசி ஆய்வாளர் ஜூலியஸ் பியா ஆகிய இருவரும் இந்தப் பாசிகளைப் பற்றி 1936-ல் எழுதினார்கள். அதில் ஒரு பாசி இனத்துக்கு வைத்த பெயர், இந்தோபோலியா.

அப்படின்னா அரியலூர் கடலில் கெல்ப் காடு இருந்ததா? இல்லை. கெல்ப் அப்போது உலகத்திலேயே இல்லை. இதுவரை கிடைத்த மிகப் பழைய கெல்ப் தடயம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த, சுமார் 3.2 கோடி ஆண்டுகள் பழைய 'வேர்ப்பிடி' எச்சம்தான். அரியலூரை விட்டுக் கடல் போய் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆன பிறகே கெல்ப் தலைகாட்டியிருக்கிறது. ஆனால் கடல் தரையில் பாசி வளர, அதைச் சுற்றி நத்தை, சிப்பி, மீன் என்று ஒரு ஊரே கூடும் அந்த ஏற்பாடு, கெல்ப்புக்கு முன்பே இருந்தது. அந்த ஏற்பாட்டின் பழைய ஆவணங்களில் ஒன்று அரியலூர் கல்.

கெல்ப் காடு என்றால் என்ன?

கெல்ப் என்பது பழுப்புப் பாசி வகை. பார்க்க மரம் போல இருந்தாலும் மரம் கிடையாது, செடியும் கிடையாது. உண்மையான வேரும் இல்லை. கடல் தரைப் பாறையை விரல்களால் பற்றுவது போலப் பிடித்துக்கொள்ளும் ஒரு பகுதி இருக்கும். அதுதான் வேர்ப்பிடி. அதிலிருந்து கயிறு போலத் தண்டு, தண்டின் இரு பக்கமும் இலை போன்ற பட்டைகள். ராட்சத கெல்ப்பில் ஒவ்வொரு பட்டையின் அடியிலும் காற்று நிரம்பிய சின்னக் குமிழ் இருக்கும். அந்தக் குமிழ்கள்தான் முழுப் பாசியையும் நிமிர்த்தி நிறுத்துகின்றன.

ராட்சத கெல்ப், சாதகமான சூழலில் ஒரே நாளில் சுமார் 2 அடி வரை வளரும். முழு வளர்ச்சியில் 45 மீட்டர் உயரத்தைத் தொடும். நம் ஊர்த் தென்னையைப் போல இரண்டு மடங்கு. மேலே போய் நீர்ப்பரப்பில் படர்ந்து பந்தல் போடும். கீழே வெயில் குறைந்து, அலையின் வேகம் குறைந்து, குளிர்ந்த காட்டுக்குள் இருப்பது போல இருக்கும்.

இதற்கு இரண்டு விஷயங்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று, குளிர்ந்த தண்ணீர். இன்னொன்று, ஆழத்திலிருந்து மேலே வரும் சத்து. இந்த இரண்டும் கிடைக்கும் கலிபோர்னியா, அலாஸ்கா, சிலி, நார்வே, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவின் தென்பகுதி, ஜப்பான் கரைகளில் கெல்ப் வளர்கிறது. உலகக் கடற்கரைகளில் கிட்டத்தட்ட கால் பங்கில் ஏதாவது ஒரு கெல்ப் இனம் இருக்கிறது.

இந்தக் காட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள்?

அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி யோசித்துப் பார்க்கலாம். தரைத்தளமான வேர்ப்பிடிக்குள் மட்டும் புழுக்கள், சின்ன நண்டுகள், ஒல்லிக்கை நட்சத்திர உயிரிகள் என்று நூற்றுக்கணக்கான சிற்றுயிர்கள் ஒளிந்திருக்கும். பாறைகளில் அபலோனி என்ற பெரிய ஓட்டு நத்தை ஒட்டிக்கொண்டு, உதிரும் கெல்ப் துண்டுகளைத் தின்னும். நடுத்தளத்தில் பாறை மீன்களின் குஞ்சுகள். ஆஸ்திரேலியாவில், பாசியைப் போலவே உருமாறிய இலை டிராகன் மீன். மேல்தளத்தில் கடல் நீர்நாய். அது கெல்ப் பட்டையை உடம்பில் சுற்றிக்கொண்டுதான் தூங்கும், அலை இழுத்துப் போகாமல் இருக்க.

உதிர்ந்த கெல்ப்பும் வீணாவதில்லை. கரை ஒதுங்கினால் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் உணவு. ஆழத்தில் மூழ்கினால், வெயிலே எட்டாத இடத்து உயிர்களுக்கு உணவு.

1834-ல் தென் அமெரிக்காவின் தென்முனையில் கெல்ப்பைப் பார்த்த சார்லஸ் டார்வின், நிலத்தில் ஒரு நாட்டுக் காடே அழிந்தால் கூட, இந்தப் பாசிக் காடு அழிந்தால் சாகும் அளவுக்கு உயிரினங்கள் சாகாது என்று கணித்தார். அது எவ்வளவு சரி என்பது ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது.

நீர்நாய் போனால் காடு ஏன் போகிறது?

இந்தக் கதையின் மையத்தில் இருப்பது, உள்ளங்கையளவு முள் உருண்டை. பெயர் கடல் முள்ளெலி. கெல்ப்தான் அதற்கு உணவு. வேட்டையாடும் விலங்குகள் சுற்றிலும் இருக்கும்போது முள்ளெலி பாறை இடுக்கில் பதுங்கிக்கொண்டு, தானாக வந்து விழும் துண்டுகளைத் தின்று வாழும். காட்டுக்கு நஷ்டமில்லை. வேட்டையாடிகள் இல்லாவிட்டால் வெளியே வந்து கெல்ப்பின் வேர்ப்பிடியையே கடிக்கத் தொடங்கும். வேர்ப்பிடி அறுந்தால் 45 மீட்டர் பாசியும் மிதந்து போய்விடும். முள்ளெலி தின்பது கொஞ்சம், அழிவது முழுசு.

முள்ளெலியை அடக்கி வைத்திருந்த முக்கிய வேட்டையாடி, கடல் நீர்நாய். குளிர்க்கடலில் வாழ்ந்தாலும் திமிங்கலம், சீல் போல இதற்குக் கொழுப்புப் போர்வை கிடையாது. அடர்ந்த ரோமம்தான் ஒரே பாதுகாப்பு. உடம்புச் சூட்டைக் காப்பாற்ற, தினமும் தன் எடையில் கால் பங்கு அளவுக்குச் சாப்பிட வேண்டும். அந்தச் சாப்பாட்டில் முள்ளெலிக்குப் பெரிய இடம்.

அந்த ரோமமே அதற்கு எமனானது. 1741-க்குப் பிறகு ரோம வியாபாரத்துக்காக வேட்டை தொடங்கி, 1911-ல் சர்வதேச ஒப்பந்தம் வரும்போது, வட பசிபிக் முழுக்க மிஞ்சியது ஒன்றிரண்டு ஆயிரம் நீர்நாய்கள். 1974-ல் ஜேம்ஸ் எஸ்டஸ், ஜான் பால்மிசானோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீர்நாய் இருந்த தீவைச் சுற்றி கெல்ப் காடு. நீர்நாய் இல்லாத தீவைச் சுற்றி முள்ளெலிகள் மேய்ந்து வழித்த வெறும் பாறை. ஒரு விலங்கு இருப்பதும் இல்லாததும் ஒரு காட்டின் தலையெழுத்தையே மாற்றியிருந்தது.

1990-களில் இதே தீவுகளில் நீர்நாய்கள் மறுபடி குறைந்தன. கொலைத் திமிங்கலங்கள் நீர்நாயைத் தின்னத் தொடங்கியதே காரணம் என்று அதே எஸ்டஸ் குழு விளக்கியது. நீர்நாய் குறைய, முள்ளெலி பெருக, கெல்ப் மறுபடி சரிந்தது.

கலிபோர்னியாவில் என்ன நடந்தது?

வட கலிபோர்னியாவில் நீர்நாய் வேட்டைக் காலத்திலேயே அழிந்துவிட்டது. அங்கே முள்ளெலியை அடக்கி வைத்திருந்தது சூரியகாந்தி நட்சத்திர மீன். இருபதுக்கும் மேற்பட்ட கைகள், சைக்கிள் சக்கரம் அளவு உடம்பு. 2013-ல் இந்த நட்சத்திர மீன்களை ஒரு நோய் தாக்கியது. கைகள் கழன்று, உடம்பு கூழாகிச் செத்தன. உலகில் இருந்தவற்றில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. இதற்கு ஒரு வகை விப்ரியோ பாக்டீரியாவே காரணம் என்று 2025-ல்தான் உறுதியானது.

நட்சத்திர மீன் இல்லாத அதே நேரத்தில் 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை வந்தது. வெப்பத் தண்ணீரில் கெல்ப் சோர்ந்தது. முள்ளெலிகள் ஒரு கட்டத்தில் சுமார் 60 மடங்கு பெருகின. சில ஆண்டுகளுக்குள் வட கலிபோர்னியாவின் கெல்ப் காடுகளில் 90 சதவீதத்துக்கு மேல் காணாமல் போனது. உணவில்லாமல் அபலோனி நத்தைகள் செத்தன. 2018-ல் அங்கே அபலோனி எடுப்பதையே நிறுத்த வேண்டி வந்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காடு அழிந்த பிறகும் முள்ளெலி சாவதில்லை. பட்டினி கிடந்தபடியே பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். புதிதாக முளைக்கும் கெல்ப்பை முளையிலேயே தின்றுவிடும். அதனால்தான் முக்குளிப்பவர்கள் கடலுக்குள் இறங்கி, சுத்தியலால் முள்ளெலிகளை ஒவ்வொன்றாக உடைக்கும் காட்சிகள் வருகின்றன. காடு அழிய இரண்டு, மூன்று ஆண்டுகள் போதும். திரும்ப வர அது போதாது.

டாஸ்மேனியாவிலும் இதே மாதிரிதான். கடல் சூடானதால் வடக்கிலிருந்து நீள்முள் முள்ளெலி இறங்கி வந்தது. ராட்சத கெல்ப்பில் சுமார் 95 சதவீதம் அழிந்தது. 2012-ல் ஆஸ்திரேலிய அரசு அந்தக் கெல்ப் காட்டையே அழியும் நிலையில் உள்ள சூழல் அமைப்பாக அறிவித்தது.

ஒரு கடற்பசுவின் கதை

கெல்ப்புக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு விலங்கு வழியாக உறவு இருக்கிறது. 1741-ல் பெரிங் கடல் தீவு ஒன்றில் கப்பல் உடைந்து தவித்த குழுவில் இருந்த கியோர்க் ஸ்டெல்லர், 8 மீட்டர் நீளக் கடல் விலங்கு ஒன்றைப் பார்த்து எழுதி வைத்தார். அது ஸ்டெல்லர் கடற்பசு. சாதுவான பிராணி, கெல்ப் மட்டுமே உணவு. இறைச்சிக்காகக் கொன்று குவித்ததில் 1768-க்குள் கடைசி கடற்பசுவும் போனது. மனிதன் எழுதி வைத்து 27 ஆண்டுகளில் ஒரு இனமே முடிந்தது. நீர்நாய் வேட்டையால் முள்ளெலி பெருகி, கெல்ப் குறைந்ததும் அதன் அழிவை வேகப்படுத்தியது என்பது பின்னாளில் எஸ்டஸ் குழு முன்வைத்த விளக்கம்.

அந்தக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு இனம். நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு. இந்தியாவில் அது அதிகம் இருக்கும் இடம், பாக் விரிகுடா.

அப்போ நம்ம கடல்ல என்ன இருக்கு?

இந்தியக் கடலில் கெல்ப் காடு கிடையாது. தண்ணீர் அதிக வெப்பம். அரபிக் கடலின் மறுகரையில், ஓமனின் தோபார் பகுதியில் மட்டும் கெல்ப் வளர்கிறது. நமக்கு மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, அங்கே ஆழத்துக் குளிர் நீரை மேலே இழுத்து வருவதுதான் காரணம்.

நம் கடலில் கெல்ப்பின் வேலையை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

முதலாவது, கடற்புல். இது பாசி இல்லை, பூக்கும் தாவரம். பாக் விரிகுடாவின் ஆழமில்லாத மணல் தரையில் வயல் போலப் பரந்திருக்கிறது. ஓரா மீன், இறால் குஞ்சு, நீல நண்டு, கடற்குதிரை, கடல் அட்டை, பச்சை ஆமை எல்லாவற்றுக்கும் இதுதான் வீடு. கடற்பசு ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் கடற்புல் மேயும். அது மேய்ந்த இடத்தில் இளம் புல் துளிர்க்கும், அதன் சாணம் உரமாகும்.

இரண்டாவது, மன்னார் வளைகுடா பாறைகளில் வளரும் பழுப்புப் பாசிகள். மீனவர்கள் கட்டக்கோரை என்றும் பக்கோடா பாசி என்றும் சொல்வது இவற்றைத்தான். ஆள் உயரத்தைத் தாண்டாவிட்டாலும், கட்டக்கோரைக்கும் கெல்ப் போலவே காற்றுக் குமிழ் உண்டு.

மூன்றாவது, பவளமும் அதை ஒட்டவைக்கும் சுண்ணாம்புப் பாசியும். கல்லக்குடி கல்லைக் கட்டியது இதே கூட்டணிதான்.

இங்கேயும் சங்கிலி இருக்கிறது. ஆனால் அது வேறு மாதிரி அறுகிறது. கலிபோர்னியாவில் பாசி குறைவது ஆபத்து. பவளத் திட்டில் பாசி மிஞ்சிப்போவது ஆபத்து. பாசியை மேயும் கிளி மீன் போன்றவற்றை அதிகமாகப் பிடித்தால், பாசி பெருகி பவளத்தை மூடிவிடும். கடல் சூடாகி 2010, 2016 ஆண்டுகளில் பவளம் வெளுத்தது போல நடந்தால், செத்த பவளத்தின் மேல் பாசி ஏறிக்கொள்ளும். கடற்புல்லுக்கு எதிரி, தரையைச் சுரண்டிப் போகும் இழுவை மடி.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசு காப்பகமாக அறிவித்தது. அதற்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் படுகை இருக்கிறது. இந்தியாவில் சுமார் 240 கடற்பசுக்கள்தான் உள்ளன என்று அப்போது அரசு சொன்னது. வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதியும் தருகிறது. 2025 அக்டோபரில் அபுதாபியில் நடந்த சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மாநாட்டிலும் இந்தக் காப்பகத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது.

பாசி எடுக்கும் பெண்கள் வகுத்த கணக்கு

மன்னார் வளைகுடாவில் பாசி என்பது சூழலியல் பாடம் மட்டும் இல்லை, சாப்பாடும் கூட. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி எடுக்கிறார்கள். கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி இறங்கும் வேலை. அகர் தயாரிக்க இது போகிறது. ஐஸ்கிரீமிலிருந்து மாத்திரை வரை இதன் பயன்பாடு உண்டு.

1986-ல் 21 தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு, தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது வனத்துறையுடன் மோதலானது. அந்தப் பெண்கள் கேட்டது உரிமை. கூடவே தங்களுக்கே கட்டுப்பாடும் போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி 45 நாட்கள் நிறுத்துவது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் பறிப்பது. பாசியின் அடிப்பகுதி பாறையில் மிஞ்சினால்தான் மறுபடி துளிர்க்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். இந்தப் பெண்களை ஒன்றுதிரட்டிய பாம்பன் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் சர்வதேச சீகாலஜி விருது கிடைத்தது.

பாசி வளர்த்தால் காடு ஆகிவிடுமா?

இப்போதைய விவாதம் இதுதான். பாசி வளர்ப்பை மத்திய, மாநில அரசுகள் ஊக்குவிக்கின்றன. 2023 செப்டம்பரில் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில், 127 கோடி ரூபாய்க்கு மேலான மதிப்பில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கரையில் வேலை கிடைக்கிறது, பெண்களுக்கு வருமானம் வருகிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் அதிகம் வளர்க்கப்படுவது நம் கடலின் பாசி கிடையாது. பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்த கப்பாபைகஸ். 2000-ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இதை வளர்க்க வைத்ததால், ஊர்க்காரர்கள் வாயில் அது 'பெப்சி பாசி'. வளர்ப்பிலிருந்து தப்பிய இந்தப் பாசி, குருசடைத் தீவு பக்கம் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

மிதவையில் கட்டி 45 நாளில் அறுக்கும் ஒற்றைப் பாசி, தோட்டம். அதில் வேர்ப்பிடிக்குள் ஒளியும் புழுவுக்கும் இடம் இல்லை, மீன் குஞ்சு பெரிதாக அவகாசமும் இல்லை. தோட்டம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்த இடத்தில் போடுகிறோம், எந்தப் பாசியைப் போடுகிறோம் என்பதே கேள்வி. உள்ளூர்ப் பாசிக்கு முதலிடம், பவளத் தீவுகளுக்குப் பக்கத்தில் வளர்ப்புக்கு இடமில்லை என்ற இரண்டு விதிகளைப் பிடித்துக்கொண்டாலே பாதி ஆபத்து குறையும்.

மறுபடி அரியலூருக்கு வருவோம்

மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் உயிருள்ள பவளத்தையே வெட்டி, சுண்ணாம்புக்காகக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகே அது கட்டுக்குள் வந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. அலையைத் தடுக்கும் பவள அரணை எடுத்துவிட்டால், பின்னால் இருக்கும் தீவு நிற்காது. வான் தீவு அப்படிப் போகாமல் இருக்க, 2015 முதல் செயற்கைத் திட்டுகள் இறக்கப்பட்டு வருகின்றன.

கடலில் உயிரோடு இருக்கும்போது பவளமும் பாசியும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. கல்லாகி அரியலூரில் கிடக்கும்போது அதே பவளமும் பாசியும் கனிமம். சிமென்ட் ஆலைகள் இந்த மாவட்டத்துக்கு வேலையும் வருமானமும் தந்தன. 1979-ல் அரசு சிமென்ட் ஆலையே இங்கு வந்தது. கூடவே லாரிப் புழுதியும், பாழடைந்த பள்ளங்களும் வந்தன. சுண்ணாம்புக்கல்லே வேண்டாம் என்று சொல்வது நடைமுறைக்கு ஒத்து வராது. ஆனால் எந்தப் பள்ளத்தின் எந்தச் சுவரில் அந்தக் கடலின் கதை முழுசாகத் தெரிகிறதோ, அதையாவது வெட்டாமல் விடலாம்.

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் இந்த மாவட்டத்திலேயே உண்டு. கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளை 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டு விவரித்தார்கள். உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேசப்படுகிறது. ஆனால் எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. சரிபார்க்க இப்போது இருப்பது படங்களும் குறிப்புகளும் மட்டுமே.

இந்தப் பகுதியின் எச்சங்களை மக்கள் பார்க்க, அரியலூர் அருகே வாரணவாசியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. புவிப் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்க ஒரு வரைவு மசோதாவை மத்திய அரசு 2022 டிசம்பரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது.

இனி கவனிக்க வேண்டியது என்ன?

* கடற்பசு காப்பகத்தில் இழுவை மடி உண்மையிலேயே குறைகிறதா?
* கடற்பாசிப் பூங்காவில் உள்ளூர்ப் பாசிகளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது? பவளத் தீவுகளில் இருந்து வளர்ப்பு எவ்வளவு தள்ளி நடக்கிறது?
* பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே வகுத்த கட்டுப்பாட்டை அரசு விதியாக ஏற்குமா?
* அரியலூர், பெரம்பலூர் சுரங்கங்களில் வெட்டி முடிந்த பள்ளங்களை மூடும்போது, எச்சங்கள் தெரியும் சுவர்களைத் தனியாகக் காப்பார்களா?

அரியலூரை விட்டுக் கடல் போக லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. உயிர்கள் இடம் மாற நேரம் இருந்தது. வட கலிபோர்னியாவின் காடு போக ஒரு நோயும் ஒரு வெப்ப அலையும் போதுமானதாக இருந்தன. பாக் விரிகுடாவில் கடற்புல்லும் இருக்கிறது, அதை மேயும் ஆவுளியாவும் இன்னும் இருக்கிறது. கலிபோர்னியாவுக்குக் கிடைக்காத அவகாசம் நமக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.